மீட்கப்பட்ட பெண்ணின் படத்தை ஃப்ளெக்ஸில் போடச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தர்மபுரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கிராஃபிக் டிசைன் இன்டர்ன்ஷிப் செய்து வருகிறேன். குழந்தைத் திருமணத் தடுப்பு, பள்ளி இடைநிற்றல் ஆகியவைதான் அவர்கள் வேலை. பென்னாகரம் பக்கம் திருமணம் நிறுத்தப்பட்ட 15 வயதுப் பெண்ணின் படத்தைக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டில் வைக்க 10-க்கு 8 ஃப்ளெக்ஸ் செய்யச் சொன்னார் ஒருங்கிணைப்பாளர் மேடம். “அவங்க அம்மாகிட்ட சொல்லியாச்சு. கண்ணுல கறுப்புப் பட்டை போட்டுடும்மா, முகம் இன்னும் கொஞ்சம் சோகமா இருக்கட்டும்” என்றார். நான் தயங்கியதும், “அப்ப ஏஐ-ல ஒரு பொண்ணு படம் எடுத்துடு” என்றார். அலுவலகக் கணினியில் இருப்பது கிராக் செய்த ஃபோட்டோஷாப். அறங்காவலர் ஒருவர் தன் உறவினர் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் ஃப்ளெக்ஸ் போட்டுத் தரச் சொல்கிறார். இந்த வேலைகளை என் போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா என்றும் தெரியவில்லை. சம்பளம் கிடையாது, கடைசியில் சான்றிதழ் மட்டும்தான். மாட்டேன் என்றால் அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

— வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஃப்ளெக்ஸை மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மற்ற விஷயங்களில் பேசிப் பார்க்கவும் விட்டுக்கொடுக்கவும் இடம் இருக்கிறது, இதில் கிடையாது. மேடத்திடம் நீங்கள் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

18 வயதுக்கு முன்பே திருமணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் இருக்கும் பெண்ணை, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்ற வகையில் சேர்க்கிறது. அப்படிப்பட்ட குழந்தையைப் பற்றிய விசாரணை, வழக்கு தொடர்பான எதிலும் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் தெரியவைக்கும் வேறு எந்த விவரமும் வெளியாகக் கூடாது என்கிறது அதன் 74-ஆம் பிரிவு. பத்திரிகை, டிவி என்பதோடு அது நிற்கவில்லை, மற்ற தகவல் தொடர்பு வடிவங்களையும் சேர்த்தே சொல்கிறது. பஸ் ஸ்டாண்ட் ஃப்ளெக்ஸும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதற்குள் வந்துவிடும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றமும் சேர்ந்திருந்தால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் பாயும். விதிவிலக்கு தரக்கூடியது விசாரிக்கும் குழந்தைகள் நலக் குழு மட்டும்தான்; அதுவும் வெளியிடுவது குழந்தைக்கு நன்மை என்று கருதி, காரணத்தை எழுத்தில் பதிவு செய்த பிறகு. ‘அம்மாகிட்ட சொல்லியாச்சு’ என்பதற்கு இங்கே மதிப்பில்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சம்மதம் எப்படிக் கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். அதிகாரிகளும் போலீஸும் வந்துபோன வீடு அது. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்களில் அந்த அம்மாவும் ஒருவராக இருந்திருக்கலாம். நிறுவனத்து ஆள் வந்து “படம் போட்டுக்கலாமா” என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வரும்? பெண்ணிடம் யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்திலும் இல்லை.

கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் முகம் மறைந்துவிடும் என்பது அச்சுத்தொழிலில் நெடுநாளாக இருக்கும் தவறான நம்பிக்கை. யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. சென்னையில் இருப்பவருக்கு அவள் யாரென்று எப்படியும் தெரியாது. தெரியக் கூடாதவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள், கூடப் படிக்கிறவர்கள், நின்றுபோன கல்யாணத்து மாப்பிள்ளை வீட்டார். அவர்களுக்கு முகமே தேவையில்லை. சீருடை, காதுக் கம்மல், பின்னால் தெரியும் திண்ணை, பக்கத்தில் நிற்கும் பாட்டி என்று ஏதோ ஒன்று போதும். எழுத்தும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். ‘பென்னாகரம் வட்டம்’, ‘15 வயது’, ‘பத்தாம் வகுப்பு’, ‘அப்பா பெங்களூரில் கட்டட வேலை’ என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். நான்கையும் ஒரே வரியில் வைத்தால் அந்த ஊரில் ஒரே ஒரு வீடுதான் மிஞ்சும். பெயரை மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைப்பதில் பயனில்லை. விவரத்தைக் குறையுங்கள், அதற்காகப் பொய் விவரம் சேர்க்காதீர்கள்.

வேறு வேலைகளில் பெரியவர் ஒருவரின் முகத்தை, அவர் கேட்டுக்கொண்டபடி, மறைக்க வேண்டி வரும். அங்கே கோப்பு கைமாறும்போதுதான் தவறு நடக்கிறது. ஃபோட்டோஷாப்பில் தனி லேயராகப் போட்ட பட்டையை, கோப்பைத் திறக்கும் யாரும் ஒரே சொடுக்கில் எடுத்துவிடலாம். கோரல்டிராவில் பவர்கிளிப் செய்து வெட்டிய படத்தில், வெட்டிப்போனதாக நீங்கள் நினைக்கும் பகுதி சிடிஆர் கோப்புக்குள் முழுசாக இருக்கும். பி.டி.எஃப்-இல் படத்தின் மேல் கறுப்புக் கட்டம் வைத்தாலும் இதே கதிதான், அடியில் உள்ள படம் அழிவதில்லை. அதனால் முதலில் படத்தையே தனியாகத் திறந்து வெட்டி, மறைத்து, லேயர்களை ஒன்றாக்கி, புதிய ஜேபிஜி-யாகச் சேமியுங்கள். டிசைனுக்குள் அந்தப் புதிய கோப்பு மட்டுமே போக வேண்டும். லேசான பிளர் போதாது. முகம் ஒரே நிறத் திட்டாகத் தெரியும் அளவுக்கு இருக்க வேண்டும்.

களப்பணியாளரிடம் “போட்டோவ டாக்குமென்டா அனுப்புங்க, குவாலிட்டி போயிடும்” என்று எல்லா டிசைனர்களும் கேட்போம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்கும், கூடவே அதில் ஒட்டியிருக்கும் இருப்பிடத் தகவலும் போய்விடும். டாக்குமென்டாக வந்தால் தரம் குறையாது; ஆனால் படம் எடுத்தவரின் போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், அந்த வீடு இருக்கும் இடம் அட்சரேகை, தீர்க்கரேகையோடு உங்களிடம் வந்து சேரும். விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் அது தெரியும். அங்கேயே கீழே அதை நீக்கும் வசதியும் இருக்கிறது. படம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

சரி, ஃப்ளெக்ஸுக்கு என்ன செய்வது? வெறும் ‘முடியாது’ என்று போய் நிற்காமல், மாற்று டிசைன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு அந்தப் பெண்ணின் முகம் எதற்கும் உதவாது. அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்றுதான்: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் நடத்தினால் அது குற்றம், நடத்தி வைப்பவருக்கும் உடந்தையாக இருக்கும் பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு, தெரியவந்தால் கூப்பிட வேண்டிய எண் 1098. தூரத்திலிருந்து படிப்பதற்கு 10 அடிக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்பது பொதுக் கணக்கு. பஸ் ஸ்டாண்டில் 60 அடி தள்ளி நிற்பவருக்கு 6 அங்குலத்துக்குக் குறைந்த எழுத்து பயன்படாது. 96 அங்குல உயரத்தில் 1098-க்கு மட்டும் 20 அங்குலம் ஒதுக்கினாலும் தலைப்புக்கும் படத்துக்கும் தாராளமாக இடம் இருக்கும். படத்துக்கு, 11-ஆம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் ஒரு பெண், முதுகுப்பக்கம் தெரிய, நீங்களே வரைந்த ஓவியம். நம் ஊரில் அந்த சைக்கிளைப் பார்த்தாலே ‘மேல படிக்கிற பொண்ணு’ என்று புரியும். கொடுத்த போட்டோவை டிரேஸ் செய்து வரையாதீர்கள். கோட்டோவியமானாலும் அது அவளுடைய முகம்தான்.

‘தகவல் தருபவர் பெயர் ரகசியமாக வைக்கப்படும்’ என்ற வரியைச் சேர்க்கும் முன், நிறுவனத்தின் எண்ணும் அந்த ஃப்ளெக்ஸில் இருந்தால், அங்கே போனை எடுப்பவர் அதைக் காப்பாற்றுவார்களா என்று கேட்டுவிடுங்கள். தண்டனை விவரத்தை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் ஒருமுறை காட்டிச் சரிபார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் பொறுப்பு மாவட்டச் சமூக நல அலுவலரிடம் இருக்கிறது. அரசு முத்திரையை ‘எடுப்பாக இருக்கும்’ என்று நீங்களாக மூலையில் வைக்காதீர்கள். கூட்டு நிகழ்ச்சியாக இருந்தால் அனுமதிக் கடிதம் கேளுங்கள். மருத்துவ முகாம் நோட்டீஸில் பழக்கதோஷத்தில் போடும் சிவப்புச் சிலுவைக் குறியும் அப்படித்தான். அது செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உள்ள சின்னம்; பச்சை நிறச் சிலுவையோ ஸ்டெதஸ்கோப்போ போதும். ஃப்ளெக்ஸ் வைக்க உள்ளாட்சி அனுமதி வாங்கியாயிற்றா என்பதையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் கேளுங்கள்.

ஏஐ படம் பற்றி. யாருடைய படமும் இல்லையே, அதில் என்ன தப்பு என்று மேடம் கேட்கலாம். பார்ப்பவர் அதை நிஜப் பெண் என்றே நம்புவார், அதுதான் தப்பு. தற்செயலாக அந்த முகம் உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் சாயலில் அமைந்துவிட்டால் சம்பந்தமே இல்லாத குடும்பத்துக்குப் பேச்சு வரும். நன்கொடையாளர் ‘இந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்’ என்று கேட்டால் நிறுவனத்திடம் பதில் இருக்காது. 2023-இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல், கொலம்பியாவில் போராட்டக்காரர்கள் மேல் நடந்த போலீஸ் வன்முறை பற்றிய பதிவுகளில் ஏஐ படங்களைப் போட்டு, கண்டனம் எழுந்ததும் நீக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய அமைப்புக்கே நம்பகத்தன்மை கேள்வியாயிற்று என்பதை மேடத்துக்குச் சொல்லலாம். ஏஐ-யைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்த்தவுடன் ஓவியம் என்று தெரிகிற படமாக, ‘சித்தரிப்புப் படம்’ என்று படிக்கக்கூடிய அளவில் எழுதி வைத்தால் பெரிய ஆட்சேபம் இல்லை. ஏ4 நோட்டீஸில் அந்த வரி 9 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. ஒன்றை மட்டும் எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள்: ‘இதே மாதிரி ஒரு பெண்’ என்று அந்தப் போட்டோவை ஏஐ செயலியில் ஏற்றுவது. ஏற்றிய நொடியில் ஒரு குழந்தையின் படம் நிறுவனத்தின் கையை விட்டுப் போய்விடுகிறது.

‘இன்னும் சோகமா’ என்பதற்கும் இதே அளவுகோல். வெளிச்சம் கூட்டுவது, நிறம் சரிசெய்வது, ஓரம் வெட்டுவது எல்லாம் செய்யலாம். தோலைக் கறுப்பாக்குவது, கண்ணீர் சேர்ப்பது, சட்டையில் அழுக்குப் பூசுவது, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் தோழியை வெட்டி எறிந்து தனிமையாக்குவது எல்லாம் படத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்லும் பொய். தன் படத்தைப் பார்த்து அவரே தலைகுனியும்படி இருந்தால், அது எவ்வளவு நன்கொடை கொண்டுவந்தாலும் வேண்டாம்.

குழந்தைகள் அல்லாத மற்றவர்கள், அதாவது சுயஉதவிக் குழுப் பெண்கள், மாங்கூழ் ஆலைத் தொழிலாளர்கள், முதியவர்கள் படம் வரும்போது சம்மதச் சீட்டு கேளுங்கள். நிறுவனத்திடம் இல்லையென்றால் நீங்களே ஒரு பக்கத்தில் செய்து கொடுக்கலாம். இன்டர்ன் ஒருவர் விட்டுச்செல்லக்கூடிய உருப்படியான வேலை அது. ‘என் படத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்’ என்ற ஒற்றை வரி பத்தாது. எதற்கு என்பதைத் தனித்தனிக் கட்டங்களாகப் போடுங்கள்: நோட்டீஸ், ஃப்ளெக்ஸ், ஃபேஸ்புக், நன்கொடையாளர் அறிக்கை. உள் அறிக்கைக்குச் சரி என்பவர் தன் ஊர் முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைக்கச் சரி என்று சொல்லமாட்டார். எத்தனை காலத்துக்கு என்று எழுதுங்கள், 2 ஆண்டு நியாயமானது. வேண்டாம் என்று பிறகு சொன்னால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண் இருக்கட்டும், கிழித்துக் கொடுக்கும் அடிச்சீட்டில் அதுவும் வர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டியவர் தனியே கையெழுத்திட வேண்டும். தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பக்கம் என்றால் கன்னடத்திலோ தெலுங்கிலோ சொல்லிப் புரியவைக்க ஆள் தேவைப்படும். 18 வயதுக்குட்பட்ட, வழக்கு எதிலும் சம்பந்தப்படாத குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்தோடு குழந்தையின் சொந்த விருப்பமும் வேண்டும். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவே பதில்.

சீட்டு வாங்கும் நேரமும் முக்கியம். அரிசி மூட்டையைக் கையில் கொடுக்கும் நிமிடத்தில் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது, அந்த நேரத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள். உதவி கொடுத்து முடித்து, இன்னொரு நாள் கேளுங்கள். படக்கோப்புக்கு ஆளின் பெயரை வைக்காமல் சீட்டு எண்ணை வைத்தால், எந்தப் படத்துக்குச் சம்மதம் இருக்கிறது என்று யாரும் உடனே பார்த்துவிடலாம்.

முகமே இல்லாமல் வேலை முடியும் இடங்கள் நிறைய. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் குடிநீரில் உள்ள ஃப்ளோரைடு பற்றிய விழிப்புணர்வு நோட்டீஸ் அடிக்கடி வரும். பல்லில் படிந்த பழுப்புக் கறையைக் காட்ட உதட்டிலிருந்து உதடு வரை நெருக்கமாக வெட்டிய படம் போதும். அதே நோட்டீஸுக்கு வேறு மாநிலத்து எலும்பு வளைந்த நோயாளியின் படத்தை கூகுளில் எடுத்து ‘பாலக்கோடு பகுதி மக்கள்’ என்று போட்டால் அங்கே இரண்டு தவறு: படம் திருட்டு, செய்தி பொய்.

நீங்கள் கேட்காவிட்டாலும் நன்கொடை நோட்டீஸ் எப்படியும் உங்கள் மேசைக்கு வரும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். க்யூஆர் குறியீட்டை அச்சுக்கு முன் உங்கள் போனில் ஸ்கேன் செய்யுங்கள். அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். தனிநபர் பெயர் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் நோட்டீஸில் குறியீடு 3 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு இருக்கட்டும். ‘80ஜி வரிவிலக்கு உண்டு’ என்று எழுதச் சொன்னால் நடப்பில் உள்ள பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அதையும் அச்சிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. ‘வெளிநாட்டு அன்பர்களும் உதவலாம்’ என்ற வரி சாதாரணமாகத் தெரியும். வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், பணம் முதலில் வந்து சேர வேண்டியது பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில். உள்ளூர்க் கணக்கின் க்யூஆருக்குப் பக்கத்தில் அந்த வரியை வைத்தால் நிறுவனத்தின் பதிவே சிக்கலுக்கு உள்ளாகும்.

எண்களைப் படமாக்கும்போதும் கை சற்றே வழுக்கினால் பொய்யாகிவிடும். பள்ளிக்குத் திரும்பிய குழந்தைகள் போன ஆண்டு 40, இந்த ஆண்டு 44 என்று வைத்துக்கொள்வோம். பட்டை வரைபடத்தை 38-இல் தொடங்கினால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல் மூன்று மடங்கு உயரமாக நிற்கும். பூஜ்யத்தில் தொடங்குங்கள். இரண்டு மடங்கு என்பதைக் காட்ட பொம்மையின் உயரத்தை இரட்டித்தால் அகலமும் கூடவே இரட்டித்துப் பரப்பு நான்கு மடங்காகும். அதற்குப் பதில் ஒரே அளவுப் பொம்மைகளை எண்ணிக்கையில் கூட்டுங்கள். கூட்டத்துக்கு வந்தவர்களை ‘மீட்கப்பட்டோர்’ என்று எழுதச் சொன்னால் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இனி உங்கள் பயம். மேடத்திடம் தனியாக, ஓய்வாக இருக்கும்போது பேசுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம். “மேடம், இந்தப் பொண்ணு படத்தப் போட்டா 74-வது பிரிவுல நம்ம நிறுவனத்து மேலயே கேஸ் வரும்னு படிச்சேன். படம் இல்லாம ஒன்னு போட்டுப் பாத்தேன், பாக்கறீங்களா?” என்று தொடங்குங்கள். நீங்கள் குற்றம் சாட்டவில்லை, நிறுவனத்தைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்பது அவருக்குப் புரிய வேண்டும், உண்மையும் அதுதான். பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். களத்தில் உழைப்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, அவசரமும் நன்கொடையாளர் நெருக்கடியும்தான் இருக்கும். பேசி முடித்ததும் ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: ‘மேடம், இன்று பேசியபடி அந்தப் படத்தைப் பயன்படுத்தாமல் ஓவியத்துடன் ஃப்ளெக்ஸ் தயார் செய்கிறேன்.’ அந்த ஒரு வரி பின்னால் உங்களுக்குக் காப்பு.

அப்படியும் பிடிவாதமாக இருந்தால், நிறுவனத்தின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கைக்கு யார் பொறுப்பு என்று கேட்டு அவரிடம் போங்கள். அந்த ஒரு வேலையிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள், மற்ற வேலைகளைத் தொடருங்கள். உங்கள் கல்லூரியின் இன்டர்ன்ஷிப் வழிகாட்டிக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள், சான்றிதழ் பிரச்சினையானால் பேச வேண்டியவர் அவர்தான். வாரா வாரம் செய்த வேலையை ஒரு நோட்டில் எழுதி, சனிக்கிழமை மேடத்திடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அந்த நோட்டு இருந்தால் நீங்கள் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேறு யாரையாவது வைத்து அந்த ஃப்ளெக்ஸைச் செய்து வைத்துவிட்டால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ 1098-இலோ சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. படம் வெளியே இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம்.

மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ் சட்ட விரோதம் இல்லை. ஆனால் அது இன்டர்ன்ஷிப் வேலையும் இல்லை. “மேடம் ஒதுக்குற வேலையத்தான் செய்யணும்னு காலேஜ்ல சொல்லியிருக்காங்க சார்” என்று பணிவாகச் சொல்லி அவரை மேடத்திடம் திருப்பிவிடுங்கள். பெண் வயதுக்கு வந்ததை ஊரறிய ஃப்ளெக்ஸ் வைப்பது, ‘பொண்ணு கல்யாணத்துக்குத் தயார்’ என்று சொல்வதாகவே நம் பக்கம் பலராலும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அலுவலகத்துக் கணினியிலிருந்து அது போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதை அறங்காவலரிடம் சொல்லும் சுமை உங்களுக்கு வேண்டாம், மேடம் சொல்லட்டும்.

கிராக் ஃபோட்டோஷாப் விஷயத்தில் உங்கள் நிலைமை புரிகிறது, கணினி அவர்களுடையது. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். கிராக் கோப்புகளோடு வைரஸ் வருவதும் வழக்கம், அந்தக் கணினியில் குழந்தைகளின் கோப்புகளும் இருக்கும். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு கேன்வா தன் கட்டணப் பதிப்பை இலவசமாகத் தருகிறது. பதிவுச் சான்றை ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம். ஓவியத்துக்கு இங்க்ஸ்கேப், படத்துக்கு கிம்ப், பல பக்க வேலைக்கு ஸ்கிரைபஸ், மூன்றும் இலவசம். ஃப்ளெக்ஸ் கடையில் சிடிஆர்தான் வேண்டும் என்பார்கள். எழுத்தைக் கர்வ் ஆக்கிய (உருவமாக மாற்றிய) பி.டி.எஃப் அல்லது அச்சு நிற முறையான சிஎம்ஒய்கே-யில் உள்ள டிஃப் கோப்பு கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். 10-க்கு 8 அடிக்கு 72 டிபிஐ போதும், அதாவது 8640-க்கு 6912 பிக்சல்.

எழுத்துருவிலும் கவனம். நண்பர் பென்டிரைவில் கொடுத்த கல்யாணப் பத்திரிகை எழுத்துருக்கள் பலவற்றுக்கு உரிமம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், ஹிந்த் மதுரை, முக்த மலர், மீரா இனிமை ஆகியவை திறந்த உரிமத்தில் இருப்பவை, அச்சுக்கும் இணையத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எல்லாம் யூனிகோடு என்பதால் பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து வரும் உரையை மாற்றி ஒட்டி, கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

போர்ட்ஃபோலியோ பற்றி. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாகச் செய்யும் படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். சம்பளமும் ஒப்பந்தமும் இல்லாத இன்டர்ன் வரைந்த ஓவியத்துக்கு முதல் உரிமை பொதுவாக வரைந்தவருக்கே. அதை மாற்றித்தர கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். சேரும்போது ஏதாவது தாளில் கையெழுத்திட்டீர்களா என்று எடுத்துப் பாருங்கள். உரிமை யாருக்கு என்று வாதாடுவதைவிட, ஒரே பக்கக் கடிதம் ஒன்றில் இரு தரப்பும் கையெழுத்திடுவது சுலபம்: டிசைன்களை நிறுவனம் தன் பணிகளுக்கு எப்போதும் பயன்படுத்தலாம், நீங்கள் இன்னின்னவற்றை மட்டும் மாதிரிக்குக் காட்டலாம் என்று. அதில் இருக்கும் போட்டோக்கள் எப்படிப் பார்த்தாலும் உங்களுடையவை அல்ல. நன்கொடையாளர் அறிக்கைக்குச் சம்மதித்தவர் உங்கள் வேலை தேடலுக்குச் சம்மதிக்கவில்லை. அந்த இடத்தில் சாம்பல் கட்டமோ ஓவியமோ வைத்து லேஅவுட்டைக் காட்டுங்கள். ‘லேஅவுட், ஓவியம்: நான். வாசகம்: நிறுவனம்’ என்று கீழே எழுதுங்கள். நேர்முகத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கு, ஏன் இந்த இடம் சாம்பலாக இருக்கிறது என்பதற்கு நீங்கள் சொல்லும் விளக்கமே உங்கள் வேலையின் தரத்தைச் சொல்லும்.

கடைசி நாளில் மூலக்கோப்புகள், எழுத்துருக்கள், அச்சுக்குப் போன பி.டி.எஃப் எல்லாவற்றையும் வேலை வாரியாகப் போட்டு ஒப்படையுங்கள். உங்கள் சொந்த கேன்வா கணக்கில் செய்தவற்றை நிறுவனக் கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு உங்கள் போனைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் தானாகவே கேலரியில் சேர்ந்திருக்கும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் ஏறியிருக்கும். பென்னாகரத்துப் பெண்ணின் படமும் அதில் இருக்கும். மூன்று இடத்திலும் அழியுங்கள்; கூகுள் போட்டோஸில் அழித்தது 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள். செய்து முடித்ததும் ‘என்னிடம் இருந்த பயனாளிகள் படங்கள் அனைத்தையும் அழித்துவிட்டேன்’ என்று மேடத்துக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.